அகநிலை என்பது குற்றச்சாட்டா?

'இது அகநிலையானது' என்று ஒரு கட்டுரையின் ஓரத்தில் எழுதிவிட்டால், பத்திரிகைத் துறையில் அதன் கதை முடிந்தது. பக்கச்சார்பானது, நம்பத்தகாதது என்ற பொருளிலேயே நாம் அச்சொல்லை வழங்கி வருகிறோம். ஏனைய துறைகள் அதனை வேறுவிதமாகக் கையாள்கின்றன.

காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. வலிக்கு அத்தகைய கருவி இல்லை. 'பூச்சியம் முதல் பத்து வரை எவ்வளவு?' என்று வைத்தியர் நோயாளியிடமே கேட்கிறார். வலி பற்றிய ஆய்வுக்கான சர்வதேச சங்கம் 2020இல் திருத்தியமைத்த வரைவிலக்கணத்தின் குறிப்புகள், வலி எப்போதும் தனிப்பட்ட அனுபவமே என்றும், அதுபற்றி ஒருவர் கூறுவது மதிக்கப்பட வேண்டும் என்றும் சொல்கின்றன.

சட்டத்துறையிலும் அகத்துக்கு இடமுண்டு. 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின்படி, ஒரு மரணம் கொலையா என்பதைத் தீர்மானிக்கையில் செய்தவரின் எண்ணமும் ஆராயப்படும். அந்த எண்ணத்தை நிறுவப் புறச்சான்றுகள் வேண்டும்.

கணிதத்தில், இத்தாலியரான புரூனோ டி பினெற்றி, நிகழ்தகவை ஒருவரது நம்பிக்கையின் அளவாகவே கொண்டார். ஆயினும், அந்நம்பிக்கைகள் தமக்குள் முரண்படலாகாது என்று கடும் விதியும் வகுத்தார்.

ஆக, ஒரு விடயத்துக்கு யார் சாட்சி என்பதையே அகநிலை என்னும் சொல் சுட்டுகிறது.

காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் தாயொருவர் பேசும்போது, திகதியையும் இடத்தையும் சரிபார்ப்பது நிருபரின் கடமை. ஆனால், அவரது துயருக்கு அவரைவிடச் சிறந்த சாட்சி எவருமில்லை. நடுநிலையின் பெயரால் அதனை வெட்டியெறியும் பேனா, செய்தியின் ஒரு பாதியையே வெட்டியெறிகிறது.