சிராங்கூன் சாலையில் ஓர் அரிச்சுவடி

ஜொகூர் பாருவில் 170ஆம் எண் பேருந்தில் ஏறினால் சிங்கப்பூர் குவீன் ஸ்திரீட் நிலையத்தில் போய் இறங்கலாம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில்தான் லிட்டில் இந்தியா. பழைய ஆட்களுக்கு அது 'தேக்கா'. தோட்டத்திலிருந்தும் பட்டணத்திலிருந்தும் போகிற நம்மவர்கள் சிராங்கூன் சாலையில் புடவை எடுப்பார்கள், வீரமாகாளியம்மனைக் கும்பிடுவார்கள், இலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். வாசகத் தாய்மார்களே, அடுத்த முறை நாலைந்து வயதுப் பிள்ளையோடு போகும்போது கைப்பையில் நாலு வண்ணப் பென்சிலும் சில வெள்ளைத் தாள்களும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தறிமுகத்துக்கு அதைப்போல ஒரு வகுப்பறை கிடைப்பது அரிது.

வண்ணம் தீட்டி எழுத்துக் கற்பிப்பது பாலர் பள்ளிகளில் பழகிய முறை. ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. பெரிய ஆட்டின் படம். மூலையில் சின்னதாக 'ஆ'. பிள்ளை அரை மணி நேரம் ஆட்டுக்குத்தான் வண்ணம் பூசும். எழுத்தைத் திரும்பிக்கூடப் பார்த்திராது. ஆகவே படத்தைச் சிறிதாக்கி எழுத்தைப் பெரிதாக்குங்கள். வெளிக்கோடு மட்டும் போட்ட 'ஆ'வைத் தாள் நிறைய வரைந்து, எழுதத் தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியில் தொடங்கி, எழுதும் போக்கிலேயே பிள்ளை வண்ணத்தை நிரப்பிக்கொண்டு வரட்டும். அரிசியில் விரல் பிடித்து எழுத வைத்தார்களே நம் பெரியவர்கள், அதே வேலையைத்தான் இங்கே பென்சில் செய்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 'அ' என்றால் எப்போதும் சிவப்பு என்று பழக்கிவிட்டால், பிள்ளை சிவப்பைத்தான் நினைவில் வைக்கும், எழுத்தை அல்ல. இன்று சிவப்பு, நாளை பச்சை என்று மாற்ற வேண்டும். எந்த நிறத்தில், எந்த அளவில் வந்தாலும் 'இது அ' என்று சொல்லும் பிள்ளைதான் எழுத்தை அறிந்த பிள்ளை.

இதைச் சோதித்துப் பார்க்கத்தான் சிங்கப்பூர்த் தெரு உதவுகிறது. அங்கே தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. ரயில் நிலையப் பலகையில் 'லிட்டில் இந்தியா' என்று தமிழிலும் இருக்கிறது. அதில் 'இ' எங்கே என்று கேளுங்கள். அடுத்த நிலையம் 'ஃபேரர் பார்க்'. பாடப்புத்தகத்தில் எஃகைத் தவிர வேறு வேலையில்லாமல் கிடக்கும் ஆய்த எழுத்து அங்கே முதலில் வந்து நிற்கிறது! மூன்று புள்ளிக்கும் மூன்று வண்ணம் கொடுத்தால் பிள்ளை மறக்காது. கட்டட வேலை நடக்கும் இடங்களில் 'அபாயம்' என்ற பலகை இருக்கும். நேர்கோட்டு எழுத்துக்களான ப, ம இரண்டையும் அதில் காட்டிவிடலாம். கடைக்குப் போகும்போது ஒரு வெள்ளி நாணயத்தைப் பாருங்கள். அதில் 'சிங்கப்பூர்' என்று தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்து தானாக மேலே வரும். பிள்ளைகளுக்கு அது மாயாஜாலம்.

கெர்பாவ் சாலையில் டான் டெங் நியா என்ற சீன வணிகரின் வீடு இருக்கிறது. 1900இல் கட்டியது. கதவு, சன்னல், தூண் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு நிறம். அதன் முன் உட்கார்த்தி, பார்த்த எழுத்துக்களை அந்த வீட்டின் நிறங்களிலேயே தீட்டச் சொல்லுங்கள். 'கெர்பாவ்' என்றால் மலாயில் எருமை என்பது நமக்குத் தெரிந்ததுதானே? அங்கேயே ஓர் 'எ'வும் கிடைத்துவிடுகிறது.

இவ்வளவு எழுத்தும் கண்முன் இருக்க, கவலைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சிங்கப்பூர்வாசிகளில் 3.3 விழுக்காட்டினர் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசினார்கள். 2020இல் அது 2.5 விழுக்காடு. அங்கே கடைசித் தமிழ்வழிப் பள்ளியாக இருந்த உமறுப் புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டது. மறு ஆண்டே அந்தப் பெயரில் தமிழ் மொழி நிலையம் தொடங்கினார்கள். கல்வி அமைச்சு 2014 முதல் நடத்திவரும் பாலர் பள்ளிகளிலும் தமிழ் உண்டு. அரசு பலகை வைக்கும், பள்ளிக்கூடம் பாடம் நடத்தும். ஆனால் வீட்டில் யாரும் விரல் நீட்டிக் காட்டாவிட்டால், அந்தப் பலகைத் தமிழ் பிள்ளைக்குத் தோரணம்போல ஓர் அலங்காரமாகத்தான் தெரியும்.

நம் பக்கத்திலும் நிலைமை வேறல்ல. தோட்டத்து வீடுகளில் தமிழ் பேசுகிறோம். ஆனால் எழுத்து கண்ணில் படுவது எத்தனை இடத்தில்? கோயில் வளைவு, தமிழ்ப் பள்ளிப் பலகை, கல்யாணப் பத்திரிகை, இந்தப் பத்திரிகையின் அட்டை. சிங்கப்பூர் போக வசதியில்லாதவர்கள் இவற்றிலிருந்தே தொடங்கலாம். ஒரு நாளைக்கு ஓர் எழுத்து போதும். காலையில் பிள்ளை அதற்கு வண்ணம் தீட்டட்டும். மாலையில் வெளியே எங்காவது அதைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்ததும் கையைப் பிடித்து இழுத்துக் காட்டும் பாருங்கள், அப்போது எத்தனை அவசரம் இருந்தாலும் கொஞ்சம் நின்று பாருங்கள்.