கெண்டோ கோடை முகாம்

ஜப்பானியப் பல்கலைக்கழகங்களின் கெண்டோ (வாள்வீச்சுக் கலை) குழுக்கள் கோடை விடுமுறையில் வெளியூரில் ஒன்றாகத் தங்கிப் பயிற்சி செய்வது நெடுநாள் வழக்கம். பயிற்சியின் உயிர் ககாரிகேகோ: மூச்சு முட்டும்வரை இடைவிடாத தாக்குதல். இளையவரின் அடிகளை வாங்கிக்கொண்டு, அவர் தளரும்போது குரல்கொடுத்து நிமிர்த்துவது மூத்தவரின் வேலை. தோழமை பிறப்பது இங்கேதான்.

ஷினாய் என்னும் பயிற்சி வாள் 4 மூங்கில் பட்டைகளால் ஆனது. அதில் கிளம்பும் சிறு சிலாம்புகூடத் தலைக்கவசக் கம்பிகளுக்கிடையே புகுந்து கண்ணைக் கெடுத்துவிடும். அதனால் ஓய்வு நேரத்தில் சேர்ந்து உட்கார்ந்து, பட்டைகளைப் பிரித்துச் சீவி, எண்ணெய் தடவி மறுபடி கட்டுவார்கள். கையுறைகளிலிருந்து வியர்வையில் கரைந்த அவுரிச் சாயம் எல்லோர் கைகளிலும் நீலமாகப் படிந்திருக்கும்.

கோடை வெக்கையில் கனத்த கவசத்துடன் ஆடுவோருக்குத் தண்ணீரும் இடைவேளையும் கட்டாயம் வேண்டும். அதை மறுக்கும் முகாம் நல்ல முகாம் அல்ல.