25 சென்ரிமீற்றர் பயணம்

தொண்டைக்குக் கீழே போய்விட்டால் எல்லாம் ஒன்றுதான் என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. ருசியும் மணமும் நாக்கோடு முடிந்துவிடுகின்றன, அப்பால் நடப்பதைப் பற்றி மனிதன் கவலைப்படத் தேவையில்லை என்பது அதன் கருத்து. பெரும்பாலானோருக்கு அது பொருந்தும். மென்ற கவளத்தை நாக்கு பின்னுக்குத் தள்ளும்வரைதான் நமக்கு அதிகாரம். அதன்பிறகு நடப்பது எதுவும் நம்மைக் கேட்டு நடப்பதில்லை. என் போன்ற சிலருக்கு மட்டும் சங்கடமே தொண்டைக்குக் கீழேதான் ஆரம்பமாகிறது.

உணவு தன் பாரத்தினால் வயிற்றுக்குள் விழுகிறது என்றே பலரும் எண்ணியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். உண்மை வேறு. உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமான ஒரு தசைக்குழாய். கவளம் அதனுள் நுழைந்ததும் அதற்கு மேலே உள்ள தசை சுருங்குகிறது, கீழே உள்ள தசை தளர்கிறது. இந்தச் சுருக்கம் அலைபோல மேலிருந்து கீழாக ஓடி, எட்டுப் பத்து விநாடிகளுக்குள் கவளத்தை வயிற்றின் வாசலில் கொண்டுபோய் விடுகிறது. அந்த வாசலில் வளையம் போன்ற ஒரு தசை இறுக மூடியிருக்கும். அலை வருவதை முன்னறிந்து அது திறக்கும், கவளம் இறங்கியதும் மூடிக்கொள்ளும். மனிதன் தலைகீழாக நின்று விழுங்கினாலும் உணவு வயிற்றைச் சென்றடைவது இதனாலேயே. உணவு விழுவதில்லை, ஏந்திச் செல்லப்படுகிறது.

இந்த வேலையை நடத்துபவை குழாயின் சுவருக்குள் வலைபோலப் பரந்திருக்கும் நரம்புக் கலங்கள். அவற்றுள், தசையைத் தளரச் செய்யும் கலங்கள் சிலருக்குப் படிப்படியாக அழிந்துபோகின்றன. அலை நின்றுவிடுகிறது, வாசல் திறக்க மறுக்கிறது. கிரேக்க மொழியில் தளராமை என்று பொருள்படும் அகலேசியா என்ற பெயரை இந்நோய்க்கு வைத்தியர்கள் இட்டிருக்கிறார்கள். இலட்சம் பேருக்கு ஆண்டொன்றுக்கு ஒருவர் என்ற அளவிலேயே புதிதாக வரும் அரிய நோய் இது. ஆணென்றும் பெண்ணென்றும் பார்ப்பதில்லை. தென்னமெரிக்க நாடுகளில் ஒருவகைப் பூச்சி பரப்பும் சாகஸ் நோயின் ஒட்டுண்ணி இதே நரம்புகளைத் தாக்கி இதே நிலையை உண்டாக்குகிறது. ஏனைய இடங்களில் அந்தக் கலங்கள் ஏன் அழிகின்றன என்பதற்கு மருத்துவ உலகிடம் இன்னும் முடிவான விடை இல்லை.

எனக்கு இது வந்தது பத்திரிகைப் பணியிலிருந்து ஓய்வுபெற்று எலுவன்குளத்தில் வந்து குடியிருக்கத் தொடங்கிய பிறகு. நெஞ்சின் நடுவில் சோறு நின்றுவிடும். தண்ணீர் குடித்தால் அதுவும் அதன்மேல் ஏறி நிற்கும். சில இரவுகளில் மாலையில் உண்டது அப்படியே வாய்க்குத் திரும்பும், புளிப்பும் கசப்புமில்லாமல். வயிற்றையே எட்டாத உணவுக்குப் புளிப்பு எங்கிருந்து வரும்? நெஞ்சைப் பிழியும் வலி ஒருமுறை வந்தபோது மாரடைப்பென்று வீட்டில் அழுகுரல் எழுந்தது. இருதயத்தில் பழுதில்லை என்று தெரிந்ததும், ‘கேஸ்ரிக்’ என்ற ஒரே சொல்லோடு குளிசை தந்து அனுப்பிவிட்டார்கள். ஏறக்குறைய இரண்டு வருடங்கள் அந்தக் குளிசைகளோடு கழிந்தன. இதில் எவரையும் தனியாகக் குறை சொல்வதற்கில்லை. இந்நோயுள்ளவர்களில் கணிசமானோர் சரியான பெயரைக் கேட்பதற்கு முன் வருடக்கணக்கில் இதே வழியில்தான் நடந்திருக்கிறார்கள்.

ஒருவழியாக எண்டோஸ்கோப்பி செய்தார்கள். குழாயினுள் கட்டியோ புண்ணோ இல்லை என்பது அதில் தெரிந்தது. பின்னர் பேரியம் எனும் வெண்ணிறக் கரைசலைக் குடிக்கத் தந்து எக்ஸ்றே எடுத்தார்கள். மேலே விரிந்தும் கீழே பறவையின் அலகு போலக் கூர்ந்தும் அந்த வெண்மை படத்தில் நின்றது. வைத்தியர்கள் இந்நோயை அடையாளம் காணும் பிரசித்தமான உருவம் அதுதான். இறுதியாகக் கொழும்பில் மனோமெற்றி என்னும் பரிசோதனை. மூக்கின் வழியாக ஒரு மெல்லிய குழாயை இறக்கிவைத்துச் சிறிது சிறிதாகத் தண்ணீர் விழுங்கச் சொல்வார்கள். ஒவ்வொரு மிடறுக்கும் தசைகள் எவ்வளவு அழுத்தம் தருகின்றன என்பது திரையில் வண்ணங்களாக விழும். என் திரையில் அலை எதுவும் ஓடவில்லை. வாசலின் இறுக்கம் மட்டும் ஒரு பட்டையாக மாறாமல் தெரிந்தது. பெயரில்லாமல் இருந்த துன்பத்துக்கு அன்று பெயர் கிடைத்தது. மகிழ்ச்சி என்று சொல்ல மாட்டேன், ஆனால் அன்றிரவு நிம்மதியாக உறங்கினேன்.

இந்த நோயின் வரலாறு சுவையானது. 1674இல் ஆங்கிலேய வைத்தியர் தோமஸ் வில்லிஸ், விழுங்க முடியாமல் மெலிந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். திமிங்கில எலும்பினாலான கோலின் முனையில் கடற்பஞ்சைக் கட்டி, உண்ட உணவை அதனால் வயிற்றுக்குள் தள்ளும்படி அம்மனிதனுக்கு அவர் கற்றுக்கொடுத்தார். அவன் அப்படியே பல வருடங்கள் உயிர் வாழ்ந்தான். 1913இல் ஜேர்மனிய சத்திரசிகிச்சை நிபுணர் ஏர்ன்ஸ்ட் ஹெல்லர், இறுகிய வாசல் தசையைக் கத்தியால் கீறித் தளர்த்தும் முறையைச் செய்து காட்டினார். இன்று வயிற்றில் சிறு துளைகளிட்டே அதனைச் செய்கிறார்கள். 2008இல் ஜப்பானில் ஹருஹிரோ இனூவே, வெளியே எந்தக் கீறலும் இன்றி வாய்வழியே செலுத்திய கருவியினால் அத்தசையை உள்ளிருந்தே வெட்டினார். பலூனை உள்ளே வைத்து ஊதி வாசலை விரிக்கும் முறையும் உண்டு. எனக்குச் செய்தது அதுதான்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் எல்லை இருக்கிறது. வாசலைத் திறந்துவைக்க முடியும், நின்றுபோன அலையை மீட்டுத்தர எவராலும் முடியாது. மற்றவர்களுக்கு ஏந்திச் செல்லப்படும் உணவு எனக்கு இப்போது மெய்யாகவே விழுகிறது. பூமியின் ஈர்ப்பை நம்பிச் சாப்பிடுகிறேன். படுத்துக்கொண்டோ சாய்ந்துகொண்டோ எதையும் விழுங்குவதில்லை. இரவு உணவை உறங்குவதற்கு மூன்று மணித்தியாலங்களுக்கு முன்பே முடித்துவிடுவேன். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கற்கள் வைத்து உயர்த்தியிருக்கிறேன். தேங்கிய உணவு நித்திரையில் மேலேறிச் சுவாசப்பைக்குள் இறங்கினால் சளிக்காய்ச்சலில் கொண்டுபோய் விட்டுவிடும்.

எந்த உணவு என் நண்பன், எது எதிரி என்பதையும் வருடங்கள் கற்பித்திருக்கின்றன. பாண் முதல் எதிரி. எச்சில் பட்டதும் பசையாகி நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும். உதிர்ந்த புட்டும் அவ்வாறே. சொதியில் ஊறிய இடியப்பம் இறங்கிவிடும். குழையச் சமைத்த சோற்றில் மீன் குழம்பைத் தாராளமாக விட்டுப் பிசைந்தால் கரைச்சல் இல்லை. நோன்பு மாதத்தில் அயலிலுள்ள முஸ்லிம் வீடுகளிலிருந்து வரும் கஞ்சியைப் போல எனக்கு இதமான உணவு வேறில்லை. குளிர்ந்த நீர் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும், இளஞ்சூட்டு நீர் வழிவிடும். ராஜாங்கனைக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தால் கலா ஓயா பெருகி இங்குள்ள தாழ்நிலங்களையும் பாதைகளையும் மூடும். அந்நாட்களில் நான் இறைச்சியைத் தொடுவதே இல்லை. ஒரு துண்டு நெஞ்சில் இறுகிவிட்டால் அதை எடுக்க வைத்தியசாலைக்கே போகவேண்டும். வீதி எங்கே என்று தெரியாத வெள்ளத்தில் எப்படிப் போவது?

இவ்வளவும் பழக்கத்தில் வந்துவிடும். பழகாதது பந்தி. நம் சமூகங்களில் உணவை மறுப்பது உணவை மட்டும் மறுப்பதாகாது, தந்தவரையே மறுப்பதாகும். புத்தளம் பகுதி முஸ்லிம் திருமணங்களில் ஒரு சஹனைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்ந்து ஒரே தட்டில் உண்பார்கள். மனிதரை மனிதரோடு நெருக்கி உட்காரவைக்கும் அழகிய வழக்கம் அது. அதில் நான் அமர்ந்தால் மற்றவர்கள் கையலம்பத் தயாராகும்போது நான் நான்காவது கவளத்தில் நிற்பேன். மரியாதைக்காக அவர்களும் காத்திருப்பார்கள். நடுவில் எழுந்து சுவரோரம் நின்று நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுக்கும் ஒருவனைப் பார்த்து வீட்டுக்காரர் பதறுவார். சமையலில் குறையோ என்று உள்ளேயிருக்கும் பெண்கள் கலங்குவார்கள். ஆரம்பத்தில் வேறு வேறு சாக்குகள் சொல்லிப் பார்த்தேன். இப்போது எல்லோருக்கும் ஒரே விதமாகச் சொல்லிவிடுகிறேன்: “எனக்கு நெஞ்சுக்குழாயில் ஒரு வருத்தம். மெதுவாகத்தான் இறங்கும். நீங்கள் எழும்புங்கள், நான் பிறகு வருகிறேன்.” அதனால் ஊரில் என் வருத்தம் எல்லோருக்கும் தெரிந்ததாயிற்று. கலியாண வீடுகளில் எனக்கென்று ஒரு கோப்பைக் குழம்பும் சுடுதண்ணீரும் கேளாமலே வந்துவிடும்.

என் வருத்தம் ஊரறிந்ததாக இருந்ததன் மறுபக்கம் ஒன்றையும் சொல்லவேண்டும். இதை எழுதத் தூண்டியதும் அதுதான்.

என்னிலும் பத்து வயது மூத்த ஓர் அம்மையார் எங்கள் அயலில் இருந்தார். கணவர் கடற்றொழிலாளி. வெற்றிலைத் தட்டம் கையில் இல்லாமல் அவரை நான் கண்டதில்லை. ஒருநாள் வேலியருகே நின்று சிரித்தபடியே சொன்னார்: “தம்பி, உங்கட வருத்தம்தான் எனக்கும் வந்திருக்கு. நீங்க செய்யிற மாதிரி நானும் சுடுதண்ணிதான் குடிக்கிறன். கஞ்சியாக் குடிச்சா இறங்குது.” பயமில்லாத குரல். அயல்வீட்டுத் தம்பி வருடக்கணக்கில் இதோடு நடமாடுகிறாரே, நமக்கென்ன என்ற தைரியம் அதில் இருந்தது.

எத்தனை நாளாக என்று கேட்டேன். கோயில் திருநாளுக்குப் பிறகுதான் என்றார். நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. முதலில் எது இறங்கவில்லை என்று கேட்டேன். முதலில் பாண், அப்புறம் சோறு, இப்போது குழைசோறும் கரைச்சல் என்றார். தண்ணீர் எப்போதாவது நின்றதா? இல்லை, தண்ணீருக்கு ஒரு குறையுமில்லை. சட்டையின் தோள் தளர்ந்து தொங்குவதைக் கண்ணால் பார்த்தேன். மேற்கொண்டு நான் எதுவும் கேட்கவில்லை. “அக்கா, இது என்ட வருத்தம் இல்லை. நாளைக்கே புத்தளத்துக்குப் போகவேணும்” என்றேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போவதைக் கண்டேன்.

புத்தளத்திலிருந்து மஹரகமைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய். கட்டி குழாயை அடைத்துக்கொண்டிருந்தது. சத்திரசிகிச்சைக்குரிய காலம் கடந்துவிட்டதால், உணவு இறங்குவதற்காக ஓர் உலோக வலைக்குழாயை உள்ளே வைத்தார்கள். அதன்பின் சில மாதங்கள் பால்தேநீரும் கஞ்சியும் அவருக்குத் தடையின்றி இறங்கின. அதையே பெரிய பாக்கியமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போய் இப்போது இரண்டு வருடங்களாகின்றன.

ஆகவே வாசகர்கள் மனத்தில் வைக்கவேண்டியது இதுதான். விழுங்க முடியாமை என்பது ஒரு நோயின் பெயரன்று, பல நோய்களின் குரல். அகலேசியா போன்ற அசைவுக் கோளாறுகளில் திட உணவும் நீரும் பெரும்பாலும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து தடைப்படும், மாதங்களும் வருடங்களுமாக நீளும். குழாயைக் கட்டி அடைக்கும்போது முதலில் பாணும் இறைச்சியும், பிறகு சோறு, பிறகு கஞ்சி, இறுதியில் தண்ணீர் என்று வாரக்கணக்கில் படியிறங்கும். உடல் மெலியும். ஆனால் இந்த வேறுபாட்டைக் கொண்டு வீட்டிலிருந்தே தீர்ப்பெழுதிவிடக் கூடாது. வயிற்று வாசலருகே வரும் கட்டி அகலேசியாவைப் போலவே வேடமிடுவதுண்டு. என் போன்றவர்களுக்கும் நீண்ட காலத்தின் பின் உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால்தான் எவருக்கானாலும் எண்டோஸ்கோப்பி செய்து உள்ளே பார்த்துவிடுகிறார்கள். நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளில் அதற்குக் கட்டணமில்லை. காத்திருக்க நேரலாம், ஆனால் பெயரைப் பதிந்தால்தான் காத்திருப்பே தொடங்கும்.

வெற்றிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் பாக்கோடு மெல்லும் வெற்றிலை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று, உலக சுகாதார ஸ்தாபனத்தின் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலிலேயே வகைப்படுத்திவிட்டது. வாய்ப் புற்றுநோயைப் பற்றி நம் கிராமங்களில் ஓரளவு தெரியும். அதே சாறு விழுங்கும் பாதையின் அடிவரை போகிறது என்பதைத்தான் எவரும் நினைப்பதில்லை.

பந்தியில் மெதுவாக உண்பவரை அவசரப்படுத்தாதீர்கள், வற்புறுத்தி இன்னொரு கரண்டி வைக்காதீர்கள் என்பது என் போன்றவர்கள் சார்பில் நான் கேட்பது. உங்கள் வீட்டில் பாணை விட்டுச் சோற்றுக்கும், சோற்றை விட்டுக் கஞ்சிக்கும் சத்தமில்லாமல் மாறிக்கொண்டிருக்கும் ஒருவர் இருந்தால் எத்தனை நாளாக என்று அவரிடம் கேளுங்கள் என்பது அந்த அக்காவின் சார்பில் கேட்பது. அவராகச் சொல்ல மாட்டார். கஞ்சி இறங்கும்வரை ஒன்றுமில்லை என்றே சொல்வார்.