கொற்கை வழி, தேரி வழி

வெள்ளி, இரவு – பாளையங்கோட்டை

வண்டியின் செயினை இறுக்கி ஆயில் விட்டாயிற்று, டயருக்குக் காற்றும் பார்த்தாயிற்று. 125 சி.சி. வண்டிதான், நாளை போகப்போகும் சாலைகளுக்கு அதுவே தாராளம். தூத்துக்குடிக்கு நான்கு வழிச்சாலை இருக்கிறது. அதைத் தொடுவதாக இல்லை. தாமிரபரணியின் வடகரையைப் பிடித்துக் கடலுக்கு இறங்கி, கரையோரமாகத் தெற்கே போய், செம்மணல் மேடுகளான தேரிக்காட்டு வழியாக வீடு திரும்ப வேண்டும். பின்சீட்டில் சித்தப்பா மகன் வருகிறான். வைகாசி முடியப்போகிறது. கச்சான் என்னும் மேல்காற்று எழும்பிவிட்டது, பதனீரும் இன்னும் வற்றவில்லை. இரண்டும் சேர்ந்து கிடைப்பது இந்தக் கொஞ்ச நாள்தான்.

சனி, காலை – ஸ்ரீவைகுண்டம், ஏரல்

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றோம். ஆற்றின் கடைசி அணை இது. இதைத் தாண்டினால் வழிநெடுக வாழைதான், குலைக்கு முட்டுக் கொடுத்த கம்புகளோடு.

ஏரலில் டீ குடித்தோம். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டதும் கடைக்காரர் கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டார். “அண்ணாச்சி, ஆறு ஊருக்குள்ள வரல. ஊரே ஆறாப் போச்சு” என்றார். அந்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பதிவானது ஏறக்குறைய 95 செ.மீ. ஸ்ரீவைகுண்டத்தில் சென்னை ரயில் நடுவழியில் நின்று, நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். இந்த ஆறு தன் வழியைத் தானே வரைந்துகொள்ளும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

சனி, முற்பகல் – கொற்கை

கொற்கையில் கடல் இல்லை. சங்கப் பாடல்கள் முத்துக்காகப் புகழ்ந்த பாண்டியர் துறை, கிரேக்கக் கடல்வழி நூலான ‘பெரிப்ளூஸ்’ பெயர் சொல்லும் துறை, இன்று வயலுக்கு நடுவே ஒரு சிற்றூர். கடலுக்கு இன்னும் ஆறேழு கிலோமீட்டர் போக வேண்டும். அக்கசாலை ஈசுவரமுடையார் கோயில் இருக்கிறது. அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம். சாமியின் பெயரில் அது மிஞ்சியிருக்கிறது. உள்ளீடற்றுச் சாய்ந்து கிடக்கும் வன்னி மரத்துக்கு இரண்டாயிரம் வயது என்கிறார்கள் ஊர்க்காரர்கள். அதன் நிழலில் இருந்த பெரியவர், “கெணறு தோண்டுனா இன்னிக்கும் சிப்பி வரும் தம்பி” என்றார்.

துறை எப்படிச் செத்தது? படை எடுத்து யாரும் அழிக்கவில்லை. மலையிலிருந்து மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தது ஆறு. கரை கிழக்கே நகர்ந்தது. கப்பல் வர ஆழம் போதவில்லை. கொற்கையில் தோண்டிப் பார்த்த கால்டுவெல், 1881இல் வெளியான திருநெல்வேலி வரலாற்றில் இதை விளக்கியிருக்கிறார். வணிகர்கள் கடலைத் தேடி நகர்ந்தார்கள். அடுத்துக் காயல், இன்றைய பழையகாயல், எழுந்தது. மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் குறிப்பிட்ட துறை அதுதான். அதையும் மண் மூடியது. பிறகு புன்னைக்காயல், அதற்குப் பிறகு தூத்துக்குடி. நூல்களில் பல நூற்றாண்டாக விரியும் இந்த இடமாற்றத்தை வண்டியில் ஒரு முற்பகலில் கடந்துவிடலாம். கொற்கையிலிருந்து பழையகாயல் வரை நான் முப்பதைத் தாண்டவில்லை. சக்கரத்தின் அடியில் இருப்பது பழைய கடல் என்ற நினைப்பு விரட்ட விடவில்லை.

சனி, பிற்பகல் – புன்னைக்காயல்

முக்காணிப் பாலம் தாண்டி, ஆத்தூரில் இடப்பக்கம் திரும்பினோம். இந்த வட்டாரத்து ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. கொடிக்கால்களின் பச்சை வாசனை ஹெல்மெட்டுக்குள்ளும் வருகிறது. பிறகு ஈரம் போய் உப்பு தொடங்குகிறது. மறைப்பு எதுவும் இல்லாத வெளியில் காற்று வலப்பக்கத்திலிருந்து அடிக்க, வண்டியைக் காற்றுக்குள் சற்றுச் சாய்த்தே ஓட்ட வேண்டியிருந்தது. எதிரே லாரி வந்து காற்றை ஒரு நொடி மறைத்துவிட்டு விலகும்போதுதான் ஆபத்து. அப்போது ஹேண்டில்பாரை இறுக்காமல், முழங்காலால் டேங்கை அணைத்துப் பிடிக்க வேண்டும்.

தாமிரபரணி கடலில் சேரும் இடம் இந்த ஊர். தமிழ் நூல் அச்சேறிய ஊரும்கூட. போர்ச்சுகீசிய யேசு சபைக் குருவான அன்றீக்கு அடிகளின் ‘அடியார் வரலாறு’ 1586இல் இங்கே அச்சானது. வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். “பங்குல சொல்லுவாங்க. ஆனா இங்கதான்னு கைகாட்ட ஒரு செவரு இல்ல” என்றார். இந்தியாவிலேயே முந்திய அச்சு நூல்களில் ஒன்று பிறந்த ஊரில், பள்ளிப் பிள்ளைகள் கூடி நின்று பார்க்க ஒரு சிறு அச்சு அருங்காட்சியகமாவது கட்ட வேண்டும். இதை மனதாரச் சொல்கிறேன்.

இரவு திருச்செந்தூரில் தங்கினோம். வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி, செயினுக்கு மறுபடி ஆயில் விட்டேன். கடற்காற்றின் உப்பை ராத்திரி முழுக்க இரும்பில் விட்டுவைக்கக் கூடாது.

ஞாயிறு, காலை – குலசேகரன்பட்டினம், மணப்பாடு

குலசேகரன்பட்டினத்தை உலகம் தசராவுக்காக அறியும். இப்போது ராக்கெட்டுக்காகவும். 2024 பிப்ரவரி 28 அன்று இங்கே ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. துருவப் பாதைக்குத் தெற்கு நோக்கி ஏவினால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இலங்கையைச் சுற்றி வளைய வேண்டும். அதில் எரிபொருள் வீணாகும். இங்கிருந்து தெற்கே திறந்த கடல். ஒரு காலத்தில் கப்பல் வந்து நின்ற அதே கரை, இன்று இன்னொரு கணக்குக்கு வாகாக அமைந்திருக்கிறது.

மணப்பாட்டில் குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில், 1581இல் கட்டியது. கீழே, 1542இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. குன்றை ஒட்டி மணல் திட்டு நீண்டு, கடலைப் பாதி மறித்து நிற்கிறது. தம்பி அதைப் பார்த்துவிட்டு, “அண்ணே, கொற்கையில நடந்தது இப்படித்தான் ஆரம்பிச்சிருக்கும் இல்ல?” என்றான். நேற்று முழுக்க வண்டியில் நான் பேசியதற்கு அது போதும்.

ஞாயிறு, நண்பகல் – தேரி

உடன்குடியிலிருந்து உள்ளே திரும்பினால் மண் சிவக்கிறது. மணல் துகள்மேல் இரும்பு ஆக்சைடு படிந்த செம்மை. ஆற்று மண்ணை நீர் நகர்த்தியது. இந்த மண்ணை நகர்த்துவது மேல்காற்று. தார்ச்சாலையின் குறுக்கே செம்மணல் நாக்கு நாக்காக ஏறிக் கிடந்தது. அதில் முன்பிரேக்கைத் தொடக் கூடாது. இரண்டாவது கியரில் வேகம் கூட்டாமல் குறைக்காமல், பார்வையைத் தூரத்தில் வைத்துப் போனால் சக்கரம் தானே வழி கண்டுபிடிக்கும்.

இந்த மணலைப் பிடித்து நிறுத்தியிருப்பவை பனையும் முந்திரியும் குடை விரித்த உடை மரமும். அதனால் மேட்டில் ஏற்றாமல் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்தோம். மேட்டில் டயர்த்தடம் நிறையக் கிடந்தது, வீடியோவுக்காக ஏற்றுகிறார்கள். தேரியில் ஒரு செடி வேர்பிடிக்க எத்தனை மழை வேண்டும் என்று பனையேறிகளிடம் கேட்டுவிட்டு அவர்கள் ஏற்றட்டும்.

ஞாயிறு, பிற்பகல் – விடிலி

சாத்தான்குளம் போகும் வழியில் பதனீர் காய்ச்சும் குடிசையான விடிலி ஒன்றில் புகை தெரிந்தது. ஓலைப் பட்டையில் பதனீர் ஊற்றித் தந்தார் அம்மா. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கியது. தித்திப்புக்கு அடியில் லேசான காரம். அடுப்பில் பதனீர் நுரைத்துப் பொங்கும்போதெல்லாம் இடித்த ஆமணக்கு விதையைக் கொஞ்சம் தூவினார், பொங்குவது அடங்கியது. பதம் பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டினார். பிறகு சிரட்டைகளில் ஊற்றினார்.

உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. “அதுக்கப்புறம் சீனி கலக்குறவன் கூடத்தான் செஞ்சான்” என்றார் அவர் கணவர். காலையும் மாலையும் பனை ஏறுகிறவர். மகன் திருப்பூரில். இந்த ஊரில் ஏறுகிறவர்களில் இளையவர் யார் என்று கேட்டேன். “நான்தான்” என்றார். அவருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும்.

கருப்பட்டியை உடைத்துக் காட்டினார்: உள்ளே மங்கிய பழுப்பு. மினுமினுத்தால் சீனி. கடைகளில் நாம் கேட்கும் விலைக்கு இது கட்டுப்படியாகாது. ஒரு கலயம் பதனீருக்கு ஒருவர் உயிரைப் பணயம் வைத்து ஏறி இறங்க வேண்டும். அவர் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்து, பையில் கொள்ளும் மட்டும் வாங்கிக்கொண்டோம். தெருவில் கேட்கிறவர்களுக்குக் கொடுக்க அவருடைய நம்பரையும் தம்பி எழுதிக்கொண்டான்.