பருவம் தப்பிய பயணம்

அறுகம்பையைப் பற்றி நான் ஒருமுறை ஜும்ஆவில் பேசியிருக்கிறேன். வெள்ளைக்காரர்கள் அரைகுறை உடையில் திரியும் இடம், நம்மவர்கள் அவர்களுக்கு அறை கொடுத்துப் பிழைக்கிறார்கள், அந்தக் காசில் பரக்கத் இருக்குமா என்றெல்லாம் மிம்பரில் நின்று முழங்கினேன். ஜமாஅத்தார் தலையசைத்தார்கள். அன்றைய தினம் வரை நான் அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை.

அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவர்கள் மூன்று புதிய நண்பர்கள். ஆசிரியர்களுக்கான வதிவிடப் பயிற்சி ஒன்றில் என்னோடு பத்து நாட்கள் ஒரே அறையில் தங்கியவர்கள். ஒருவர் அக்கரைப்பற்றைச் சேர்ந்த கணித ஆசிரியர். மற்றவர் பேருவளையில் விஞ்ஞானம் கற்பிப்பவர். மூன்றாமவர் புத்தளத்து இளைஞர், கணினி ஆசிரியர். விடுமுறையில் ஆளுக்கொரு பையை முதுகில் போட்டுக்கொண்டு கரையோரமாக நடந்து வருவோம் என்று ஆசையைக் கிளப்பியவர் அவர்தான். "இந்த வயதில் இது தேவையா?" என்று என் மனைவி சிரித்தாள். ஆனாலும் மகனின் பாடசாலைப் பையில் இரண்டு சாரம், முஸல்லா, கொஞ்சம் பேரீச்சம்பழம் எல்லாம் அடுக்கித் தந்தாள்.

பொத்துவிலில் நால்வரும் சந்தித்தோம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாக வரும் ஏ4 வீதி, சுமார் 320 கிலோமீற்றரில் பொத்துவிலைத் தொட்டு வடக்கே மட்டக்களப்புக்குத் திரும்புகிறது. நாங்கள் தெற்கே திரும்பினோம். மூன்று பேர் பயணம் புறப்பட்டால் ஒருவரை அமீராக்கிக்கொள்ள வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இளையவரைக் காட்டினேன். மாணவர்களுக்குக் கட்டளையிட்டே பழகிய எனக்கு, இருபத்தெட்டு வயதுப் பிள்ளை "மௌலவி, எழும்புங்க, நடப்போம்" என்றதும் எழும்புவது முதல் நாள் சற்றுச் சிரமமாகத்தான் இருந்தது.

அது மாரி காலம். ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரைதான் அங்கே அலைச்சறுக்குக்காரர்களின் கூட்டம். வடகீழ் பருவக்காற்று தொடங்கிவிட்டால் மழையும் கடலடியும்தான். களப்புப் பாலத்தைக் கடந்து உல்லைக்குள் நுழைந்தபோது கடைகள் பலவும் பூட்டிக் கிடந்தன. அலைச்சறுக்குப் பலகைகள் ஓலைக் கொட்டிலுக்குள் அடுக்கப்பட்டிருந்தன. தோணிகளைக் கரையில் உயர இழுத்து வைத்துவிட்டு, கடற்றொழிலாளர்கள் வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். நான் மிம்பரில் வருணித்த கடற்கரையில் நாலைந்து நாய்களும் ஒரு மாடும் மாத்திரமே நின்றன.

திறந்திருந்த தங்குமிடம் ஒன்றில் இறங்கினோம். உரிமையாளர் ஐம்பதைக் கடந்த நம்மவர். மஃரிபையும் இஷாவையும் நாங்கள் மூவரும் சேர்த்தும் சுருக்கியும் தொழுதோம். அக்கரைப்பற்று நண்பருக்கு அது பயணத் தூரம் அல்ல. அவர் இஷாவை அதன் நேரத்தில் உரிமையாளரோடு நின்று நான்கு ரக்அத்தாகத் தொழுதார். அதன் பின் தேத்தண்ணியோடு வந்து அமர்ந்த உரிமையாளர், நான் மௌலவி என்று அறிந்ததும் சற்று நேரம் பேசாமலிருந்தார்.

"மௌலவி, ஒரு விசயம் கேக்கட்டா? எங்கட இந்த ரூம் வாடகை ஹலாலா? கன வருசமா மனசுக்குள்ள கிடக்கு. சீசனில கேக்க நேரமில்ல."

கேட்டுவிட்டுத் தன் கதையைச் சொன்னார். 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடல் அவருடைய முதல் வீட்டை அத்திவாரத்தோடு கொண்டுபோனது. கடன்பட்டு மறுபடி கட்டினார். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளோடு வந்திருந்தவர்களும் போய்விட்டார்கள். 2020இல் நோய். 2022இல் எரிபொருள் இல்லை. மது விற்பதில்லை என்பதால் போகிறவர்களும் உண்டாம். ஆனால் தங்குபவர்கள் தாங்களே கொண்டு வந்து அறைக்குள் குடிப்பதை அவரால் தடுக்க முடியவில்லை.

"பயான்ல எங்களப் பத்திப் பேசுற ஆக்கள் கனக்க, மௌலவி. இஞ்ச வந்து பாத்த ஆக்கள் குறைவு" என்றார்.

என் கையிலிருந்த கோப்பை அப்படியே நின்றது. ஒரு விடயத்தின் மீதான தீர்ப்பு, அதைச் சரியாக விளங்கிக்கொள்வதன் கிளையே என்று மத்ரஸாவில் உஸ்தாத் அடிக்கடி சொல்வார். அதை நான் மனனமிட்டிருந்தேன். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் மிம்பரில் ஏறியபோது மறந்துவிட்டேன்.

"பேசினவர்களில் நானும் ஒருவன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். நண்பர்கள் மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவர் சற்று யோசித்துவிட்டு, "தேத்தண்ணி ஆறுது, குடிங்க" என்றார். உஸ்தாதிடம் கேட்டு எழுதுவதாக வாக்களித்தேன்.

மறுநாள் பானமைக்குப் புறப்பட்டோம். ஏறத்தாழ 12 கிலோமீற்றர். யானை நடமாடும் பாதை, வெயில் ஏறிய பிறகு போங்கள், மாலைக்கு முன் திரும்புங்கள் என்று உரிமையாளர் எச்சரித்திருந்தார். நடந்துகொண்டே பேருவளை நண்பர் ஒன்று சொன்னார். "இங்கே மாரி என்றால் எங்கள் பக்கம் சீசன். எங்கள் பக்கம் கடல் அடித்தால் இங்கே சீசன். காற்று திரும்பும்போது ரிஸ்க்கும் கரை மாறுகிறது." இரு கரைக்கும் அல்லாஹ் முறை வைத்துப் பங்கிடுகிறான் என்பதை அந்த வெறிச்சோடிய வீதியில் நடக்கும்போது நன்றாக விளங்க முடிந்தது. பானமையில் சிங்களவரும் தமிழரும் பெண் கொடுத்துப் பெண் எடுத்து ஒன்றாய் வாழ்கிறார்கள். ஒரு சிங்களத் தாயின் கடையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். எங்கள் தொழுகைக்காக அவர் திண்ணையைக் கூட்டித் தந்தார்.

ஊர் திரும்பியதும் உஸ்தாதிடம் போனேன். இமாம் ஸரக்ஸி (ரஹ்) அவர்களின் அல்மப்ஸூத் நூலைச் சுட்டிக் காட்டினார்கள். வசிப்பதற்கென வாடகைக்கு விட்ட வீட்டில், குடியிருக்கும் பிற மதத்தவர் மது அருந்தினால் அந்தப் பாவம் வீட்டுக்காரரைச் சேராது, அவர் அதற்காக வீட்டை விடவில்லை என்பது அதன் கருத்து. அது ஹனபி மத்ஹபின் நூல் என்பதையும், பேணுதலான வழி எது என்பதையும் சேர்த்தே எழுதச் சொன்னார்கள். மது விற்காமலிருக்கும் உறுதியைக் கைவிட வேண்டாம், அதற்காக இழந்த ஒவ்வொரு ரூபாவுக்கும் அல்லாஹ்விடம் கூலி உண்டு என்று நானும் சேர்த்து எழுதி அனுப்பினேன்.

இன்னொரு கடனும் இருந்தது. அதே மிம்பரில், அதே ஜமாஅத்துக்கு முன்னால், முன்னர் பேசியதில் பிழை செய்தேன் என்று சொன்னேன். அன்று தலையசைத்தவர்கள் இம்முறை அசைக்கவில்லை. தொழுகை முடிந்து ஒரு முதியவர் மட்டும் வந்து என் கையைப் பற்றி முஸாபஹா செய்துவிட்டுப் போனார்.

பயணத்துக்கு அரபியில் 'ஸஃபர்' என்பார்கள். வெளிப்படுத்துதல் என்ற பொருளும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. மனிதரின் குணத்தைப் பயணம் வெளிப்படுத்தும் என்பார்கள் உலமாக்கள். நண்பர்களின் குணம் வெளிப்படும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்; முதலில் வெளிப்பட்டது என்னுடையது.

அல்லாஹ் நம் நாவுகளைப் பேணுவானாக. ஆமீன்.