டிஷ் வயரும் மழைத் தண்ணீரும்



வடகிழக்குப் பருவமழை தொடங்கப் போகிறது. வயதான பெற்றோர் ஊரில் தனியாக இருக்க, வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வேதாரண்யம் பக்கம் என் அக்கா தனியாக இருக்கிறார். வயது 78. 2018 கஜா புயலுக்குப் பிறகு வானம் கறுத்தாலே செய்தி சேனலைப் போட்டுவிடுவார். போன வருட மழையில் படம் போனது. நாலு நாள் வெயில் அடித்தும் வரவில்லை. வீடு ஓட்டு வீடு என்பதால் டிஷ், கொல்லையில் கான்கிரீட் போட்ட குளியலறையின் மேல் இருக்கிறது. அக்கா பக்கத்து வீட்டில் ஏணி கேட்டிருக்கிறார்! "பாக்ஸை மாத்திடலாம்மா" என்றான் சிங்கப்பூரில் இருக்கும் மகன்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கனமழையில் படம் மறைந்து, மழை விட்டதும் வந்துவிட்டால் குறை ஒன்றுமில்லை. வெயிலிலும் வராவிட்டால், பாக்ஸை மாற்றும் முன் டிஷ் பக்கத்து கனெக்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அக்கா வீட்டில் நடுக்கம்பி துருப்பிடித்து, சுற்றியிருந்த அலுமினிய வலைக்கம்பி வெள்ளைப் பொடியாகியிருந்தது.

நல்ல கேபிளின் கறுப்பு உறை மழையைத் தாங்கும். தண்ணீர் நுழைவது இணைப்பு வழியாக, அல்லது உறை வெடித்த இடம் வழியாக. நுழைந்துவிட்டால், திரி எண்ணெயை இழுப்பதுபோல வலைக்கம்பி தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டே போகும். டிஷ் முனையில் இருக்கும் எல்.என்.பி.க்கு இதே கேபிளில்தான் 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் போகிறது. ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் அரிப்பு சீக்கிரம் வரும்.

செய்ய வேண்டியவை:

1. இணைப்பின் மேல், இழுத்துச் சுற்றினால் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றவேண்டும். அப்போதுதான் ஓடு வேய்ந்ததுபோல ஒவ்வொரு சுற்றும் தண்ணீரை வெளியே தள்ளும்.

2. சுவருக்குள் நுழையும் முன் கேபிளை 'ப' வடிவில் கொஞ்சம் தொங்கவிடவேண்டும். தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். சுவர்த்துளை வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும்.

3. தரையில் வெறும் கேபிளைப் போடக்கூடாது. வெயில், எலி, மண்வெட்டி மூன்றுமே எதிரி. பி.வி.சி. பைப்பில் விட்டு ஓர் அடி ஆழத்தில் புதைத்து, மேலே செங்கல் வரிசை வைத்து மண் மூடுங்கள். பின்னால் யாராவது வெட்டினாலும் செங்கல் தடுக்கும். பைப்பின் இரு வாயும் தரைக்கு மேலே வந்து, கீழ்நோக்கி வளைந்திருக்கவேண்டும்.

4. புதைத்த பாதையில் இணைப்பே வேண்டாம். முழு நீளத்துக்கு ஒரே கேபிள்.

அக்கா வீட்டில் டிஷ் போடும் தம்பி ஒரு மதியத்தில் இத்தனையும் செய்து முடித்தார். பழைய பாக்ஸ்தான் இன்றும் ஓடுகிறது.

மின்கம்பிக்குப் பக்கத்தில் டிஷ் இருந்தால் நீங்களாகத் தொடாதீர்கள். ஈரத்தில், காற்றில் யாரும் மேலே ஏறவேண்டாம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் முதல் நாளே அந்தக் கேபிளை ஒரு முறை பார்த்துவிடுங்கள். நீங்கள் பார்க்காவிட்டால், மழை நடுவே அப்பாவோ அம்மாவோ ஏணியைத் தேடுவார்கள்.