வாசல் பாதையும் வடிகாலும்

மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஈமானின் கிளைகளைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, “அவற்றுள் மிக எளியது எது?” என்று கேட்பது என் வழக்கம். பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது என்று பிள்ளைகள் ஒரே குரலில் விடை சொல்வார்கள். முள், கல், கண்ணாடித் துண்டு என்று எடுத்துக்காட்டுகளையும் அடுக்குவார்கள். பல ஆண்டுகளாக இப்பாடத்தை நடத்திவரும் என் வீட்டு வாசலிலேயே அத்தகைய தொல்லை ஒன்று இருந்தது. அதை நான் அறிந்துகொண்டது 2025 பிப்ரவரியில்தான்.

எங்கள் வீடு வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த ஒரு கிராமத்தில் உள்ளது. தெருவிலிருந்து வாசல்வரை சுமார் 40 அடி நீளத்துக்கு வண்டிப் பாதை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. சங்கராபரணி ஆற்றில் வெள்ளம். தெற்கே சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் பெருகிப் பாகூர்ப் பகுதிக் கிராமங்களைச் சூழ்ந்தது. அந்த மக்கள் பட்ட துன்பத்துக்கு முன் எங்கள் இழப்பு சிறியதே. வண்டிப் பாதையின் நடுவே தளம் உடைந்து குழி விழுந்திருந்தது. ஒருநாள் ஃபஜ்ர் தொழுகைக்குப் புறப்பட்ட அத்தா அதில் கால் இடறி விழுந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், பெரிய காயமில்லை. ஆனால் அதன்பின் பள்ளிவாசலுக்குப் போக அஞ்சினார்கள். ரமளானுக்குள் பாதையைச் சீர்செய்துவிட வேண்டும் என்று நிய்யத் வைத்தேன்.

ஷஅபான் விடுமுறையில் நானும் மகனும் வேலையில் இறங்கினோம். உடைந்த கான்கிரீட்டைப் பெயர்க்க மட்டும் ஒரு சிறிய பொக்லைனை மணிக்கணக்கில் வாடகைக்கு அமர்த்தினோம். பொக்லைன் என்பது பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் பெயர். நம் ஊரில் மண் அள்ளும் இயந்திரத்துக்கே அது பெயராகிவிட்டது. ஓட்டுநர் தம்பி என்னையும் சற்று நேரம் இருக்கையில் அமர்த்தினார். இடக்கை நெம்புகோல் இயந்திரத்தைச் சுழற்றும், கையை நீட்டி மடக்கும். வலக்கை நெம்புகோல் தூக்கி இறக்கும், வாளியைத் திருப்பும். சிறுபிள்ளைபோல் தடுமாறி, இரண்டு வாளி மண் அள்ளிய பிறகு இறங்கிக்கொண்டேன்.

தளம் உடைந்ததன் காரணம் தோண்டியதும் புரிந்தது. அடியில் இருந்தது களிமண். நனைந்தால் பருக்கும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். அதன்மீது நேராகக் கான்கிரீட் போட்டிருந்தோம். எனவே ஓரடி ஆழத்துக்குக் களிமண்ணை அகற்றினோம். கிராவல் மண்ணை அரையடி அரையடியாகப் பரப்பி, நீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினால்தான் மேலே போடும் தளம் நிற்கும் என்று அனுபவமுள்ள கொத்தனார் ஒருவர் சொல்லித் தந்தார்.

தெரு முனையை நெருங்கியதும் ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். “இதுக்கு மேல குடிதண்ணிப் பைப்பு போவுது பாய். கையாலதான் வெட்டணும்” என்றார். கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்தோம். அரைமணி நேரத்தில் மகன் சோர்ந்து அமர்ந்தான். அவனுக்கு அகழ்ப்போரை நினைவூட்டினேன். ஹிஜ்ரி 5-இல் மதீனாவைக் காக்க, ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்களின் யோசனைப்படி அகழ் வெட்டப்பட்டபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஓரமாக நின்று ஏவவில்லை. புழுதி படிய மண் சுமந்தார்கள். தோழர்களால் உடைக்க இயலாத பாறையைத் தாமே இறங்கி உடைத்தார்கள். மகன் ஒன்றும் பேசாமல் மீண்டும் மண்வெட்டியை எடுத்தான்.

அந்த மண்வெட்டிதான் தெரு வடிகாலைத் தொட்டது. வண்டி ஏறி இறங்க வசதியாக, சில ஆண்டுகளுக்கு முன் வாசல் சாய்தளத்தைத் தெருவுக்குள் மூன்றடி நீட்டிக் கட்டியிருந்தோம். வடிகாலை மூடி, தண்ணீர் போக நான்கு அங்குலக் குழாய் ஒன்றை மட்டும் விட்டிருந்தோம். அக்குழாய் முழுதும் மண் அடைத்துக் கல்லாய் இறுகியிருந்தது. அப்படியானால் இத்தனை மழைக்காலங்களிலும் மேட்டுத் தெருவின் தண்ணீர் எங்கே போயிற்று? நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் சாய்தளத்துக்கு முன்னால், தாழ்ந்த வாசலோடு நிற்பது பக்கத்து வீடு. அதில் வயதான ஓர் அம்மா தனியாக வாழ்கிறார்.

மாலையில் அவரிடம் சென்று கேட்டேன். “மழன்னா ரெண்டு நாளு திண்ணையிலதான் பாய். அரிசி மூட்டைய மட்டும் பரண்ல ஏத்திடுவேன்” என்றார். ஏன் ஒருமுறையும் சொல்லவில்லை என்றேன். “புள்ளைங்களுக்கு ஓதிக் குடுக்குற மனுஷன். ஒங்ககிட்ட வந்து எப்படிச் சண்டை போடுறது?” என்றார்.

நெஞ்சில் தைத்த சொல் அது. என் உஸ்தாத் பணி எனக்குப் பெற்றுத் தந்த மரியாதையே அவருடைய வாயை அடைத்திருக்கிறது. பிறருக்குத் தீங்கிழைத்தலும் இல்லை, தீங்குக்குத் தீங்கு செய்தலும் இல்லை என்பது நம் ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. பாதையின் அகலத்தில் பிணக்கு வந்தால் ஏழு முழம் விட வேண்டும் என்பதும், ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவருக்கு மறுமையில் உள்ள தண்டனையும் நபிமொழிகளில் வந்துள்ளன. இவற்றையெல்லாம் பாடமாக நடத்தியவன், தெருவில் மூன்றடியை எடுத்துக்கொண்டு நிம்மதியாக உறங்கியிருக்கிறேன். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அடியானின் உரிமையில் செய்த குறைக்கு, அந்த அடியானின் பொருத்தத்தையும் பெற வேண்டுமல்லவா?

மறுநாள் சாய்தளத்தின் மூன்றடியையும் உடைத்தெடுத்தோம். வடிகாலை அதன் முழு அகலத்துக்கும் திறந்து தூர்வாரி, மேலே தூக்கி எடுக்கக்கூடிய இரும்புக் கம்பிச் சட்டத்தைப் பொருத்தினோம். அடைப்பு வந்தால் கண்ணுக்குத் தெரியும், கையால் அள்ளலாம். பாதைக்கு 100 அடிக்கு 2 அடி என்ற கணக்கில் சரிவு வைத்தோம். கூரைத் தண்ணீரைத் தெருவுக்கு விடாமல் எங்கள் மனைக்குள்ளேயே ஒரு சேகரிப்புக் குழிக்குத் திருப்பினோம். இடம் குறைந்ததால் சாய்தளம் செங்குத்தாகிவிட்டது. இப்போது வண்டியைத் தள்ளித்தான் ஏற்ற வேண்டும். ஏற்றும் ஒவ்வொரு முறையும் மூச்சு வாங்குகிறது. அந்த மூச்சு முன்பு பக்கத்து வீட்டு அம்மா வாங்கியது என்று எண்ணிக்கொள்கிறேன்.

அத்தா இப்போது ஃபஜ்ருக்கு என் தோளைப் பிடித்தபடி நடந்து வருகிறார்கள். அவ்வாண்டு ஐப்பசியில் முதல் கனமழை பெய்த இரவு, டார்ச் விளக்கோடு வெளியே சென்று பார்த்தேன். கம்பிச் சட்டத்துக்கு அடியில் தண்ணீர் சலசலத்து ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வாசல் நனைந்திருந்தது. ஆனால் தண்ணீர் நிற்கவில்லை.

அன்புச் சகோதரர்களே, அடுத்த மழைக்கு முன் நம் வீட்டுச் சாய்தளத்தை ஒருமுறை தெருவில் நின்று பாருங்கள். அதற்கு அடியில் வடிகால் இருக்கிறதா, அதில் தண்ணீர் ஓடுகிறதா, ஓடாவிட்டால் யார் வீட்டுக்குப் போகிறது என்று கவனியுங்கள். பக்கத்து வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை என்பதை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள். நம் கைகளால் பிறர் பாதையில் வைத்த தொல்லைகளை நம் கைகளாலேயே அகற்றும் வாய்ப்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.